கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் கண்டுபிடிக்கும் முழு வழி

ஏற்றத்தில் முன்னால் போகும் லாரியை முந்த நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் விறுவிறுவென ஏறுகிறது, எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போகிறது, வண்டி மட்டும் பழைய வேகத்திலேயே ஊர்கிறது. இரண்டு நொடி கழித்துத்தான் இழுக்க ஆரம்பிக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆவதை, அதாவது பிடிக்காமல் வழுக்குவதை, பெரும்பாலானோர் முதலில் கவனிப்பது இப்படித்தான்.

இந்த இடத்தில் "கிளட்ச் பிளேட் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கிளட்ச் பிளேட்டின் விலையைவிட அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலைதான் பெரியது. அந்த வேலையை ஆரம்பிக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உண்மையிலேயே ஸ்லிப் ஆகிறதா? ஆகிறது என்றால் எதனால்? என் வண்டியில் ஒருமுறை இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமலே புது பிளேட் போட்டுக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அதே ஸ்லிப் திரும்ப வந்தது. உள்ளே ஆயில் சீல் கசிந்து புது பிளேட்டையும் நனைத்திருந்தது. கீழே இருந்து டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினோடு சுற்றுவது ஃபிளைவீல். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோடு சுற்றுவது கிளட்ச் பிளேட். இந்த பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அந்த அழுத்தத்தைத் தருவது அதிலுள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங். நீங்கள் கிளட்ச் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது, பிடி விடுகிறது. பெடலை விட்டால் மறுபடியும் பிடிக்கிறது.

ஆக, கிளட்ச் வழுக்க மூன்றே வழிகள்தான் உண்டு. அழுத்திப் பிடிக்கும் விசை குறைந்திருக்க வேண்டும், அல்லது பிளேட்டின் உராய்வு குறைந்திருக்க வேண்டும், அல்லது எஞ்சின் தரும் டார்க் (சுழற்றும் விசை) கிளட்ச் தாங்கும் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றாவது, ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) பவர் ஏற்றிய வண்டிகளில் வருவது. மற்ற எல்லாக் காரணங்களும் முதல் இரண்டில் அடங்கிவிடும்.

டயாஃப்ரம் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. பிளேட் தேயத் தேய அதன் அழுத்தம் சீராகக் குறைந்துகொண்டே வராது. முதலில் கொஞ்சம் கூடும், அப்புறம் பழைய அளவுக்கு வரும், தேய்மானத்தின் கடைசிக் கட்டத்தில் சட்டென்று இறங்கும். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லிப் போலவே தோன்றும் வேறு கோளாறுகள்

"பிக்கப் இல்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கும். அதனால் முதலில் இவற்றைப் பிரித்துவிடுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை, ஆர்பிஎம்மும் ஏறவில்லை என்றால் அது எஞ்சின் பக்கத்துப் பிரச்சினை. அடைத்த ஏர் ஃபில்டர், எரிபொருள் அழுத்தக் குறைவு, டர்போ குழாயில் கசிவு என்று அங்கே தேட வேண்டும். கிளட்ச் ஸ்லிப்பில் ஆர்பிஎம் கட்டாயம் ஏறும். இந்த ஒரு வித்தியாசம் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஈரச் சாலையில், மணலில், சக்கரம் தரையில் வழுக்கினாலும் ஆர்பிஎம் ஏறும். ஆனால் அது பெரும்பாலும் முதல், இரண்டாம் கியரில் வரும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில் விளக்கும் மின்னும்.

கியர் விழ மறுப்பது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வருவது, பெடலை முழுக்க மிதித்தும் வண்டி நகரப் பார்ப்பது இதெல்லாம் ஸ்லிப்புக்கு நேர் எதிரான கோளாறு. அங்கே கிளட்ச் முழுதாக விடவில்லை. ஸ்லிப்பில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது வண்டி நடுங்குவதும் வேறு விஷயம். அது ஆயில் பட்ட பிளேட்டாலும் வரலாம், தளர்ந்த எஞ்சின் மவுண்டாலும் வரலாம்.

முதல் படி: வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பாருங்கள்

தரை விரிப்பு பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். தயங்காமல் முழுக்க மேலே வர வேண்டும். பாதியில் நின்று மெதுவாக வந்தால் கேபிளோ, பெடலின் அச்சோ, கீழே ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கோ சிக்குகிறது என்று அர்த்தம்.

கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளேயைப் பார்க்க வேண்டும். விரலால் பெடலை லேசாக அழுத்தினால், எதிர்ப்பு வருவதற்கு முன் கொஞ்ச தூரம் வெறுமனே இறங்க வேண்டும். பல கார்களில் இது 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட் தேயும்போது ஸ்பிரிங்கின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நகர்ந்து வரும், அதனால் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போகும். அது பூஜ்யமானால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கால் வைக்காமலே ஹாஃப் கிளட்சில் ஓட்டுவது போலத்தான். இந்த நிலையில் கேபிளின் அட்ஜஸ்ட் நட்டைச் சரிசெய்தாலே ஸ்லிப் நின்றுவிடலாம். தானாக அட்ஜஸ்ட் ஆகும் கேபிள் உள்ள வண்டிகளில் இந்த ஃப்ரீ பிளே இருக்காது, அங்கே இந்தச் சோதனை பொருந்தாது.

"கிளட்ச் மேலே பிடிக்குது" (பெடல் பெரும்பகுதி மேலே வந்தபிறகே பிடிப்பது) என்பதைப் பலர் முடிவான அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய கேபிள் வண்டிகளில் அது நல்ல குறிதான். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். போதாததற்கு, தேய்மானத்தை ஈடுகட்டும் பிரஷர் பிளேட்டும் சில வண்டிகளில் உண்டு. அங்கே பெடல் புதிது போல இருந்துகொண்டே கிளட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்க முடியும்.

இரண்டாம் படி: ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள கணக்கு

கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது எஞ்சினும் சக்கரமும் பல்சக்கரங்களால் கட்டப்பட்டவை. எனவே ஒரு கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். இந்த முழு வழிகாட்டியில் நான் அதிகம் நம்புவது இந்தக் கணக்கைத்தான். காது ஏமாறும், எண் ஏமாற்றாது.

சமமான சாலையில் ஐந்தாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து சீராக ஓட்டுங்கள். லேசான சுமையில் தேய்ந்த கிளட்ச்கூட பிடித்துக்கொள்ளும், எனவே இதுதான் உங்கள் அடிப்படை அளவு. உதாரணமாக 60 கி.மீ. வேகத்தில் 1800 ஆர்பிஎம் காட்டினால், ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 30. அப்படியென்றால் 50-ல் 1500, 80-ல் 2400, 90-ல் 2700 வர வேண்டும். நான்காம் கியருக்கும் இதேபோல எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், பரவாயில்லை. நாம் அதை அதனோடுதான் ஒப்பிடுகிறோம்.

ஓட்டிக்கொண்டே முள்ளைப் படிப்பது ஆபத்து. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மீட்டரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் மீட்டர்) இல்லாத வண்டியில் ஓபிடி அடாப்டர் (வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி) மூலம் ஆர்பிஎம்மையும் வேகத்தையும் போனில் பார்க்கலாம். விலை குறைந்த அடாப்டர்கள் எண்ணைத் தாமதமாகப் புதுப்பிக்கும். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராமல் தொடர்ச்சியாகப் பாருங்கள்.

மூன்றாம் படி: ரோடு டெஸ்ட்

வண்டி நன்றாகச் சூடாகட்டும், குறைந்தது 15 அல்லது 20 நிமிட ஓட்டம். குளிர்ந்த கிளட்ச் நன்றாகப் பிடித்து, சூடானதும் வழுக்குவது சாதாரணமாக நடப்பதுதான். காலையில் வீட்டு வாசலில் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான சாலை வேண்டும். லேசான ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. 50 கி.மீ. வேகத்தில் ஐந்தாம் கியர், எஞ்சின் திணறினால் நான்காம் கியர். பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதியுங்கள்.

நல்ல கிளட்ச் என்றால் ஆர்பிஎம் மெதுவாக, வேகத்தோடு சேர்ந்தே ஏறும். மேலே சொன்ன உதாரண வண்டியில் 1500-ல் ஆரம்பித்து 52 கி.மீ. வேகத்துக்கு 1560 காட்ட வேண்டும். அதற்குப் பதில் 52-ல் 2200 காட்டினால், அந்த 640 சுற்றும் கிளட்ச்சில் வழுக்கிப் போகிறது. டர்போ வண்டியாக இருந்தால் டர்போ வேலைசெய்யத் தொடங்கும் இடத்தில், பொதுவாக 1700-லிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள், முள் சட்டென்று துள்ளும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் முள் விழுந்து வேகத்தோடு மறுபடி சேர்ந்துகொண்டால் சந்தேகமே வேண்டாம்.

ஏன் மேல் கியர்? கீழ் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றேறும். அதன் டார்க்கில் ஒரு பகுதி ஃபிளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் சுற்றிவிடவே செலவாகிறது, மிச்சம்தான் கிளட்ச் வழியே போகிறது. டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்மையும் சீக்கிரம் கடந்துவிடும். மேல் கியரில் எஞ்சின் அவ்வளவு எளிதில் சுற்றேறாது, முழு டார்க்கும் நீண்ட நேரம் கிளட்ச் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஸ்லிப் முதலில் டாப் கியரில் தலைகாட்டி, முற்ற முற்ற நான்கு, மூன்று என்று கீழே இறங்கி வருகிறது. இரண்டாம் கியரிலேயே வழுக்குகிறது என்றால் வண்டி வீடுவரை வருவதே நிச்சயமில்லை.

இரண்டு அல்லது மூன்று முறை போதும். ஒவ்வொரு முறையும் கிளட்ச் சூடாகிறது, சோதனையே அதைத் தேய்க்கிறது. கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிரேக் லைனிங் கருகும் வாடையைப் போலவே இருக்கும் அது.

நின்ற இடத்தில் செய்யும் சோதனை, அதன் எல்லை

ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டால் எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் முறை பிரபலமானது. செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்: திறந்த சமதள இடம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, வண்டிக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பல வண்டிகளில் கிளட்ச்சை விட்டதும் பிரேக் தானாகவே விடுபடும், எனவே அதை மட்டும் நம்பவே கூடாது. எஞ்சினைச் சற்று மட்டும், 1500 ஆர்பிஎம் அளவுக்கு, ஏற்றி கிளட்ச்சைச் சீராக விடுங்கள். அப்போது வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறியிருக்க வேண்டும். எஞ்சின் பொட்டென்று நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. இழுத்து இழுத்து நின்றாலோ, நிற்காமல் ஓடினாலோ கிளட்ச் முடிந்துவிட்டது.

இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. எஞ்சினை நிறுத்தத் தேவைப்படும் பிடி, முழு டார்க்கைத் தாங்கத் தேவைப்படும் பிடியைவிடக் குறைவு. ஆரம்பக் கட்ட ஸ்லிப் இதில் மாட்டவே மாட்டாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது இதை மட்டும் செய்து காட்டினால் திருப்தி அடையாதீர்கள், ரோடு டெஸ்ட் கேளுங்கள்.

நான்காம் படி: காரணத்தை வெளியிலிருந்தே தேடுவது

ஸ்லிப் உறுதியாகிவிட்டது. உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். இறக்காமலே பார்க்கக்கூடியவை இன்னும் இருக்கின்றன.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் முதலில் ஆயில் அளவு. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. பிரேக்கில் பேட் தேய்ந்தால் ஆயில் மட்டம் இறங்கும். தனி டப்பா உள்ள கிளட்ச்சில் பிளேட் தேய்ந்தால் மட்டம் லேசாக ஏறும், ஏனென்றால் ஆயில் அழுத்தத்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு அங்கிருந்த ஆயில் மேலே திரும்புகிறது. ஆக, அந்தத் தனி டப்பாவில் கிளட்ச் ஆயில் குறைந்திருந்தால் அதற்கு ஒரே பொருள்தான், எங்கோ கசிகிறது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா, அங்கே பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது, அதிகம் பேர் தவறவிடும் காரணம். பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் மிச்சம் நிற்பது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம், பெடலின் புஷ் ராட் தவறாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கலாம். மூன்றிலும் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் ஓட்டி எஞ்சின் அறை சூடானதும் ஆயில் விரிவதால் கோளாறு இன்னும் கூடும்.

சோதனை எளிது. வண்டி வழுக்கும் நிலையிலேயே ஓரம் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பெடலில் கை, கால் எதுவும் படாமல், ஸ்லேவ் சிலிண்டரின் பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு குழாய் மாட்டிச் சற்றுத் திறவுங்கள். ஆயில் வெறுமனே கசிந்தால் சரி. பீய்ச்சி அடித்தால், அதன்பின் மூடி ஓட்டும்போது கொஞ்ச நேரத்துக்கு ஸ்லிப் காணாமல் போனால், குற்றவாளி ஹைட்ராலிக்தான். பிளேட் நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. பிரேக் ஆயில் கண்ணுக்கும் பெயிண்டுக்கும் கெடுதல், எனவே கண்ணாடி அணியுங்கள், சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திறந்தபின் காற்று புகுந்திருந்தால் பிளீட் செய்துதான் ஓட்ட வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு. வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, அடியில் இருக்கும் சிறு துளையையோ ரப்பர் மூடியையோ பாருங்கள். காய்ந்த கறுப்புத் தூள் கொஞ்சம் இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஈரம் இருந்தால் எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் ஆயில் என்றால் கிராங்கின் பின்பக்க சீல். கியர் ஆயில் என்றால் கந்தக நெடி அடிக்கும், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். பிரேக் ஆயில் என்றால், பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும் வகை ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்ற இரண்டும் மிதக்கும்.

ஆயில் பட்ட பிளேட்டைத் துடைத்தோ பெட்ரோலில் கழுவியோ திரும்பப் போட முடியாது. லைனிங்குக்குள், அதாவது பிளேட்டின் உராய்வுப் பரப்புக்குள், ஊறிய ஆயில் சூடானதும் மறுபடி வெளியே வரும்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் பழைய பாகங்களைப் படியுங்கள்

பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் முழுக் கதையும் அவற்றில் எழுதியிருக்கும்.

லைனிங் இரு பக்கமும் சீராகத் தேய்ந்து ரிவெட் தலையை நெருங்கியிருந்தால் வயதுதான் காரணம். ரிவெட் லைனிங் மட்டத்திலிருந்து 0.3 மி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் இருந்தால் பிளேட் முடிந்தது என்பது பல சர்வீஸ் மேனுவல்களில் காணும் எல்லை. லைனிங் தடிமனாக இருந்தும் கண்ணாடி போலப் பளபளத்தால் அதிக சூட்டில் இறுகியிருக்கிறது. ஃபிளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருந்தாலும் அதே கதைதான். ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். ஸ்பிரிங் விரல்களின் நுனியில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டுபவர் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறாரா, கேபிளில் ஃப்ரீ பிளே இல்லையா, ஹைட்ராலிக்கில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்காமல் மூடினால் புது கிளட்ச்சுக்கும் அதே கதிதான்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு அதற்காக ஒருமுறை கியர்பாக்ஸை இறக்குவது வீண் செலவு. உள் ஸ்லேவ் சிலிண்டர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீல் லேசாக ஈரமாக இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். சாதாரண ஃபிளைவீலைக் கடைசலில் சீவலாம். நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக இருக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலை அப்படிச் செய்யக் கூடாது, அதன் ஆட்டத்தை அளந்து எல்லையைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும்.

சரிசெய்யும் வரை ஓட்டலாமா

ஆரம்பக் கட்டம் என்றால், ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதித்து, பாரம் ஏற்றாமல், பணிமனை வரை ஓட்டலாம். கிளட்ச் தாங்கும் டார்க்குக்குள் இருக்கும்வரை அது வழுக்காது. ஆனால் முந்திச் செல்ல முயலாதீர்கள். எதிரே வண்டி வரும்போது இழுவை போனால் தப்பிக்க வழி இருக்காது. மலைச் சாலையும் டிரெய்லர் இழுப்பதும் வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் சூடு ஃபிளைவீலுக்கும் பரவுகிறது, பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு அங்கேயும் நீள்கிறது.

புது கிளட்ச் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். லைனிங் ஃபிளைவீலோடு பழக நேரம் கொடுங்கள். அது முடிந்ததும் முன்பு எழுதிவைத்த தாளை எடுத்துக்கொண்டு அதே சாலையில், அதே கியரில், அதே வேகத்தில் ரோடு டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். முழு மிதியிலும் அந்த 30 மாறாமல் 30 ஆகவே நின்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது. தாளை டேஷ்போர்டிலேயே வைத்துவிடுங்கள், அடுத்த முறை சந்தேகம் வரும்போது அதுவே கையில் இருக்கும்.